கழுவும் முன் பாருங்கள்: காப்பறையில் உள்ள பழைய கண்ணாடிக் குப்பிகள், குடுவைகள், கோப்பைகள்

மேகலை_காப்பறை

வணக்கம். எங்கள் அருங்காட்சியகக் காப்பறையில் உள்ள கண்ணாடிப் பொருட்களை மர பீரோக்களிலிருந்து ஸ்டீல் அலமாரிகளுக்கு மாற்றப் போகிறோம். பழைய பதிவேட்டில் பாதிக்கு மேல் "கண்ணாடிப் பாட்டில், பழையது" என்ற ஒரே வரிதான். நன்கொடையாக வந்த ரோமானியத் தைலக் குப்பிகள் இருக்கின்றன. மேலே வானவில் நிறம், தொட்டால் செதில் உதிர்கிறது. 18-ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் ஆங்கில ஒயின் கோப்பைகள், கறுப்பு ஒயின் புட்டிகள், டச்சு ஜின் சதுரப் புட்டிகள், மருந்துச் சீசாக்கள் (சிலவற்றின் அடியில் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது), கோலி சோடா பாட்டில்கள் ஆகியவையும் உண்டு. இவை தவிர மிக மெல்லிய சுவருள்ள, காலுள்ள கோப்பை ஒன்று. நிறமில்லாத கண்ணாடி, தொட்டால் பிசுபிசுக்கிறது.

மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு. செய்யலாமா? அலமாரிக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? பதிவேட்டைத் திருத்த எதையெதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடிவேதி

ஊறவைப்பது கூடவே கூடாது. மற்ற வேலையெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பிசுபிசுப்பான கோப்பையைத் தனியாக எடுத்து வையுங்கள். நைட்ரைல் கையுறை போட்டு, கிண்ணத்தின் அடியை ஒரு கையிலும் பாதத்தை மறு கையிலும் தாங்கி எடுங்கள். தண்டை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டாம்.

கண்ணாடி எல்லாம் ஒன்றல்ல. சிலிக்காவோடு என்ன சேர்த்து உருக்கினார்கள் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ரோமானியர் பெரும்பாலும் எகிப்தின் வாடி நட்ரூனில் கிடைத்த நேட்ரான் உப்பைச் சேர்த்தார்கள். அதில் சோடாவும் சுண்ணாம்பும் நல்ல விகிதத்தில் அமைந்ததால் இரண்டாயிரம் ஆண்டு தாங்குகிறது. ஆல்ப்ஸுக்கு வடக்கே இடைக்காலத்தில் மரச்சாம்பலைச் சேர்த்தார்கள். அந்தப் பொட்டாஷ் கண்ணாடி சீக்கிரம் அரிபடும். வெனிஸில் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் செடிச்சாம்பலைச் சுத்திகரித்துப் பளிங்கு போன்ற கிரிஸ்டாலோ கண்ணாடியைச் செய்தார்கள். சுத்திகரிக்கும்போது சுண்ணாம்பும் போய்விடும். கண்ணாடியின் வலைப்பின்னலுக்குள் சோடாவையும் பொட்டாஷையும் வெளியேறாமல் நிறுத்தி வைப்பதே அந்தச் சுண்ணாம்புதான். அது குறைந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகும், காரம் வெளியே கசியும். அந்தக் கசிவுதான் உங்கள் கையில் ஒட்டிய பிசுபிசுப்பு. "கண்ணாடி அழுகிறது" என்று எங்கள் வேலையில் சொல்வது இதைத்தான்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. பி.ஹெச். (அமில, கார அளவு) காட்டும் பட்டையில் ஒரு சொட்டு அயனி நீக்கிய தண்ணீர் விட்டு, கோப்பையின் மேல் சில விநாடி லேசாக ஒற்றி எடுங்கள். 9-ஐத் தாண்டினால் ஆபத்து. அந்த அளவுக்குக் காரம் ஏறினால் சிலிக்கா வலைப்பின்னலே கரையத் தொடங்கும்.

குப்பிநேசன்

புட்டிகளின் வயதைப் பற்றி நான் எழுதுகிறேன். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பும் (கண்ணோடு வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) நல்ல டார்ச்சும் போதும். அடிப்பகுதி, தையல் கோடு, வாய் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

அடியில் உடைந்த கண்ணாடி வளையம் போல ஒரு கரடான வடு இருந்தால் அது பாண்டில் வடு. வாயைச் செய்து முடிக்கும் வரை புட்டியை அடிப்பக்கம் ஒட்டிப் பிடித்திருந்த இரும்புக் கம்பியை உடைத்துப் பிரித்த இடம் அது. 1850-களில் அடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி பரவியதும் சாதாரணப் புட்டிகளில் இந்த வடு மறைந்துகொண்டே வந்தது.

அடுத்தது அச்சின் தையல் கோடு. கோடு கழுத்தோடு நின்று, வாயில் இல்லாமல் இருந்தால் வாயைக் கையால் தனியாக முடித்திருக்கிறார்கள். வாயின் மேல் விளிம்பு வரை ஏறிக் கடந்து போனால் இயந்திரத்தில் செய்தது. ஓவன்ஸ் தானியங்கி இயந்திரம் 1903-இல் வந்தது. அதில் செய்த புட்டியின் அடியில், நடுவிலிருந்து சற்று விலகி, ஓரம் பிசிறடித்த வட்டக் கோடு ஒன்று தெரியும். அகன்ற வாய் ஜாடிகளை மட்டும் இந்த விதியில் சேர்க்காதீர்கள். 1890-களிலேயே அரை இயந்திரங்களில் அவற்றைச் செய்துவிட்டார்கள்.

தையல் கோடே இல்லை, ஆகவே மிகப் பழையது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஈர அச்சுக்குள் புட்டியைச் சுழற்றினால் தையல் அழிந்துவிடும். அதற்குப் பதிலாக உடம்பைச் சுற்றிக் கிடைமட்டமாக மெல்லிய வரிகள் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அவை தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஒயின் புட்டிகளில் இது சர்வ சாதாரணம்.

தோளைச் சுற்றி ஒரு கிடைமட்டத் தையலும், அதிலிருந்து கழுத்துக்கு ஏறும் இரண்டு தையல்களும் இருந்தால் அது மூன்று பாக அச்சு. பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ரிக்கெட்ஸ் 1821-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடியில் அவர் பெயர் வட்டமாக அச்சாகியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கறுப்புப் புட்டி உண்மையில் கறுப்பல்ல. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் அடர்ந்த ஆலிவ் பச்சையோ பழுப்போ தெரியும். இங்கிலாந்தில் 1615-இல் கண்ணாடி உலைக்கு விறகு எரிக்கத் தடை வந்தது. நிலக்கரிக்கு மாறியபோது உலைச் சூடு ஏறியது, சுவர் தடித்த உறுதியான புட்டி கிடைத்தது. அவற்றுக்கு உருவமே காலத்தைச் சொல்லும். 1650-களில் உருண்டை உடம்பும் நீண்ட கழுத்தும். 1680 முதல் 1720-கள் வரை வெங்காய வடிவம். பிறகு சுத்தியல் தலை போன்ற நேர்ச்சுவர். 1740-களுக்குப் பின் மெல்ல மெல்ல உருளை. காரணம் கார்க். பாதாள அறையில் கிடத்தி வைத்தால்தான் கார்க் நனைந்து ஊதி இறுகும். வெங்காயத்தைக் கிடத்தி அடுக்க முடியாது.

டச்சு ஜின் புட்டி சதுரமாக இருப்பது மரப்பெட்டியில் இடம் வீணாகாமல் அடுக்க. கீழே குறுகுவது அச்சிலிருந்து எளிதாகக் கழல. வெளியே மடிந்து விரிந்த மெல்லிய வாயும் அடியில் கரட்டு வடுவும் இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். தடித்த பட்டையாகத் தனியே ஒட்டிய வாய் என்றால் 19.

லூப்10

ஒயின் கோப்பைகளுக்கு வருகிறேன். உண்மையான 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கோப்பை பெரும்பாலும் ஈயக் கண்ணாடி. லண்டன் கண்ணாடி வணிகர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை வாங்கியபோது செய்த கண்ணாடி, சிறிது காலத்திலேயே மயிரிழை விரிசல் விழுந்து மங்கிப்போனது. ஈய ஆக்சைடைக் கூட்டிச் சரிசெய்த பிறகு, 1676 முதல் நல்ல துண்டுகளில் காக்கைத் தலை முத்திரை வைத்தார். ஆக ஆங்கிலக் கோப்பை என்பதாலேயே அழாது என்று நினைக்க வேண்டாம்.

பாதத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். அது வாயின் அகலத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். வாயைவிடக் குறுகிய பாதம் என்றால், உடைந்த ஓரத்தைத் தேய்த்துச் சிறிதாக்கியிருக்கலாம், அல்லது கோப்பை பிற்காலத்தது. பாதம் கூம்பாக மேலெழும்பியிருக்கும். அடியில் உள்ள பாண்டில் வடு மேசையைக் கீறாமலிருக்க அந்த உயரம். வாய் விளிம்பை லூப்பில் பாருங்கள். நெருப்பில் வாட்டிய அசல் விளிம்பு உருண்டையாக, சற்றே நெளிவோடு இருக்கும். தட்டையாக, உள்ளும் புறமும் கூரிய முனையோடு இருந்தால் சிதைந்த வாயை மெருகுக் கல்லில் ஓட்டியிருக்கிறார்கள்.

பாதத்தின் அடி விளிம்பில்தான் பொய்யும் மெய்யும் பிரியும். பல பத்தாண்டு மேசையில் நகர்ந்த பாதத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஒன்று ஆழம், ஒன்று ஆழமில்லை, ஒன்றின் மேல் ஒன்று. மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் நெருக்கமாக இருந்து, உள்ளே போகப் போகச் சட்டென்று நின்றுவிடும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே ஆழத்தில், ஒரே திசையில் ஓடும். மேசையைத் தொடவே முடியாத இடத்திலும் இருக்கும்.

தண்டுக்குள் வெள்ளிக் கம்பி போல் முறுகிய காற்றுக் குழல் இருந்தால் சுமார் 1745 முதல் 1765 வரை. பால் வெள்ளை முறுக்கு என்றால் சுமார் 1755 முதல் 1780 வரை. கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்ட சட்டம் 1745-இல் வந்து 1845 வரை நீடித்தது. கனமான குமிழ்த் தண்டுகள் வழக்கொழிந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

365 நானோமீட்டர் யு.வி. டார்ச் ஒன்று வாங்கி வையுங்கள். ஈயக் கண்ணாடி நீலச் சாயலாக ஒளிரும். நிறம் நீக்க மாங்கனீஸ் போட்ட சோடாக் கண்ணாடி மங்கலான பச்சை காட்டும். யுரேனியக் கண்ணாடி கண்ணைப் பறிக்கும் பச்சை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஆனால் ஒரு தட்டு நிறையக் கோப்பைகளைப் பிரிக்க வேகமான வழி. விரலால் சுண்டி ஓசை கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே விரிசல் இருந்தால் அந்தச் சுண்டலிலேயே பிளந்துவிடும்.

மேகலை_காப்பறை

பட்டை வைத்துப் பார்த்தோம். மெல்லிய கோப்பையில் 10 காட்டுகிறது. லூப்பில் விரிசல் எதுவும் தெரியவில்லை, புகை படிந்தது போன்ற லேசான மங்கல் மட்டும். அது இருந்தது பழைய பிளைவுட் பீரோவில். காப்பறையில் பகலில் ஏ.சி. ஓடும், மாலை 5 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். இனி என்ன செய்வது?

கண்ணாடிவேதி

விரிசல் இல்லாத தொடக்க நிலை என்பதால் இந்த ஒரு கோப்பையைக் கழுவலாம். காரத்தை மேலேயே விட்டுவைத்தால் அதுவே மேலும் ஈரத்தை இழுக்கும். இது ஊறவைக்கும் வேலை அல்ல. பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் மெத்தென்ற பாலித்தீன் ஃபோம் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அயனித்தன்மை இல்லாத டிடர்ஜென்ட் சில சொட்டு விட்டு, மென்மையான தூரிகையால் வருடிக் கழுவுங்கள். டிடர்ஜென்ட் முழுதும் போகும் வரை அலசி, கடைசி அலசலை அயனி நீக்கிய தண்ணீரில் முடியுங்கள். பஞ்சு பிரியாத துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். எல்லாத் தண்ணீரும் அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சூடு சட்டென்று மாறினால் விரிசல் விழும். தங்கப் பூச்சோ, சுடாத வண்ணமோ, பழைய ஒட்டோ இருந்தால் கழுவக் கூடாது. மயிரிழை விரிசல் விழுந்த பொருளுக்கும் தண்ணீர் கூடாது.

அழும் கண்ணாடிக்கு ஈரப்பதம் 40 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். கசிந்த காரம் காற்றோடு சேர்ந்து உப்பாகிறது. அதில் பொட்டாசியம் கார்பனேட் சுமார் 43 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும்; அழுகை அங்கே தொடங்கும். மறுபக்கம், ஈரம் ஏறி ஊறிப்போன மேல்தோல் காற்று வறண்டால் சுருங்கும். 35-க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் நல்ல கண்ணாடி சுருங்காது, மேல்தோல் மட்டும் சுருங்கி வெடிக்கும். ஆகவே அழும் கண்ணாடிக்கு 38 முதல் 42 என்ற குறுகிய பாதை. நல்ல நிலையிலுள்ள ரோமானியக் குப்பிக்கும் சோடாப் பாட்டிலுக்கும் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. நிலையாக இருந்தால் 45, 50 போதும்.

பகலில் ஏ.சி. ஓடி இரவில் நிற்பதுதான் நம் ஊர்க் காப்பறைகளின் பெரிய கேடு. தினமும் ஒரு முறை ஊறி ஒரு முறை காய்கிறது. 24 மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால் அறையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுப்படுத்துங்கள்.

ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 20 லிட்டர் பாலிப்ரோப்பிலீன் பெட்டி எடுங்கள். ஈரத்தை இழுத்து வைக்கும் சிலிக்கா ஜெல் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்ற பழைய கணக்குப்படி இதற்கு 400 கிராம் வேண்டும். அடுப்பில் காய்ச்சிய ஜெல்லை நேராகப் போட்டுவிடாதீர்கள். அது பெட்டியை வறட்டி எடுத்துவிடும், கோப்பை ஒரே இரவில் வெடிக்கும். காய்ந்த ஜெல்லையும், அறைக் காற்றில் விரித்து ஈரம் ஏற்றிய ஜெல்லையும் காலிப் பெட்டியில் கலந்து, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் வைத்து மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் எண் ஒரு இடத்தில் நிற்கும். 40-க்கு மேல் என்றால் காய்ந்ததைக் கொஞ்சம் கூட்டுங்கள், கீழே என்றால் ஈரமானதை. கோப்பையை எடுத்த எடுப்பில் 40-இல் வைக்க வேண்டாம். 60-இல் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக இறக்குங்கள். நீல ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஆரஞ்சு வகை வாங்குங்கள்.

ஹைக்ரோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறு போல் நனைத்து, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் 12 மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். (மர இழையைப் பசையிட்டு அழுத்திய பலகை) இரண்டும் ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் விடும். கண்ணாடியின் காரத்தோடு சேர்ந்து ஃபார்மேட் உப்பாகும், அதுவும் ஈரம் இழுக்கும். ஸ்டீலுக்கு மாறுவது நல்ல முடிவு. பவுடர் கோட்டிங் நன்றாகச் சுட்டு இறுகியதா என்று பாருங்கள். பெயின்ட் வாடை அடிக்கும் அலமாரியில் எதையும் வைக்காதீர்கள்.

பளபளப்பு_பிரியன்

மங்கிய மருந்துச் சீசாக்களை ஏன் அப்படியே விட வேண்டும்? சேகரிப்பாளர்கள் குழாய்க்குள் செம்புத் துணுக்கும் மெருகுப் பொடியும் தண்ணீரும் போட்டுச் சில நாள் உருட்டுவார்கள். உள்ளும் புறமும் புதிது போல் ஆகிவிடும். பார்வையாளர் பார்க்கத்தானே அருங்காட்சியகம்? அழுக்குப் பாட்டிலை யாரும் நின்று பார்ப்பதில்லை.

குப்பிநேசன்

உருட்டினால் பளபளப்பு வரும் என்பதில் சந்தேகமில்லை. வருவது எப்படி என்றால், மங்கிய மேல்தோலை அரைத்து எடுப்பதால். கூடவே எழுத்துகளின் முனை மழுங்கும், வாயில் கருவி ஓடிய தடம் போகும், சுழல் அச்சின் வரி போகும். நான் மேலே எழுதிய அடையாளங்களில் பாதி அந்தக் குழாயிலேயே கரைந்துவிடும். என் சொந்தச் சேகரிப்பில்கூட உருட்டிய புட்டியைத் தனித் தட்டில், உருட்டியது என்று எழுதித்தான் வைப்பேன். பொதுச் சொத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

மங்கலில் இரண்டு வகை உண்டு. கடின நீர் விட்ட சுண்ணாம்புப் படிவு மேலே ஒட்டிய வேற்றுப் பொருள். லூப்பில் விளிம்பு, மேடு தெரியும். மண்ணில் கிடந்து அரித்தது கண்ணாடியின் தோலே மாறியது. நனைத்தால் தெளிந்துபோகும், காய்ந்தால் திரும்ப வரும். இரண்டாவதைக் கழுவிப் போக்க முடியாது. எண்ணெய் தடவி மறைக்கும் வியாபாரிகள் உண்டு, ஆகவே வாங்கும்போது விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஊதா நிறப் புட்டிகளையும் கவனியுங்கள். மாங்கனீஸ் கலந்த கண்ணாடி பல ஆண்டு வெயிலில் மெல்லிய ஊதாவாகும். கதிர்வீச்சில் வைத்து அதே வேலையைச் சீக்கிரம் முடித்து விற்கிறார்கள்; நிறம் மிகவும் அழுத்தமாக இருந்தால் சந்தேகப்படலாம். காட்சிப் பெட்டி சன்னல் பக்கம் இருந்தால் உங்கள் தெளிந்த பாட்டில்களும் நிறம் மாறும்.

கண்ணாடிவேதி

பார்வையாளருக்காக என்ற வாதம் நியாயமானது. அதற்கு வழி வெளிச்சம். மங்கிய சீசாவுக்குப் பின்னால் வெண்மையான சிதறொளி வைத்தால் எழுத்தும் வடிவமும் தெளிவாகத் தெரியும், ஒரு துகளைக்கூட அரைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைக்கர்கஸ் கோப்பை முன்னாலிருந்து ஒளி விழுந்தால் பச்சை, பின்னாலிருந்து ஊடுருவினால் சிவப்பு. 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் குடிகலம். கண்ணாடிக்குள் 50 முதல் 100 நானோமீட்டர் அளவில் தங்கமும் வெள்ளியும் கலந்த துகள்கள் இருப்பதால் அப்படி. விளக்கை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் அந்தக் கோப்பையைக் காட்டவே முடியாது.

எல்.இ.டி. விளக்கும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் தினமும் சூடேறி ஈரப்பதம் ஆடும்.

அரிக்கமேடன்

ரோமானியக் குப்பிகளின் வானவில் செதிலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அது அழுக்கல்ல, அந்தக் குப்பியின் உடம்பேதான். மண்ணின் ஈரம் காரத்தை உறிஞ்சிய பிறகு எஞ்சிய சிலிக்கா, ஏடு ஏடாக நிற்கிறது. ஏடுகளுக்கு இடையே ஒளி பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. செதிலை உரித்தால் சுவரின் தடிமன் அவ்வளவுக்குக் குறையும். சில குப்பிகளில் நல்ல கண்ணாடியே மிச்சமில்லாமல் ஏடுகள் மட்டும் சேர்ந்து நிற்கும். அதை உரித்துச் சுத்தப்படுத்த முயன்றால் கையில் தூள்தான் மிஞ்சும்.

உள்ளேயிருக்கும் மண்ணையும் கிளறாதீர்கள். தைலத்தின் மிச்சம் அதில் இருக்கலாம். பஞ்சு வைத்துச் சுற்ற வேண்டாம், இழை செதிலில் மாட்டி இழுக்கும்.

ஊதிச் செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய, பாலஸ்தீனக் கரையில் தொடங்கியது. அதற்கு முன் எகிப்தில் மண் கருவைச் சுற்றிக் கண்ணாடியை உருட்டிக் குடுவை செய்தார்கள். அப்படிப்பட்ட குடுவையின் உட்சுவரில் கரு ஒட்டியிருந்த சொரசொரப்பு இன்றும் தெரியும். உட்சுவர் வழவழப்பாக, காற்றுக் குமிழ்கள் கழுத்துப் பக்கமாக நீண்டிருந்தால் ஊதியது. பதிவேட்டில் இதையும் குறியுங்கள். நன்கொடைப் பொருளுக்குக் கிடைத்த இடம் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிடைக்கும் எந்த ரோமானியக் கண்ணாடியையும் அங்கே கொண்டு சேர்க்கும் ஆசை இருக்கிறது. அகழாய்வுகளில் நம் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் விலா வைத்த கிண்ணங்கள் போன்றவற்றின் உடைந்த சில்லுகள். முழுக் குப்பி என்றால் மேற்காசியக் கல்லறைகளிலிருந்து சந்தை வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

வட்டுசோடா

கோலி சோடா பாட்டிலை யாரும் தொடவில்லை, ஆகவே நான். லண்டன் கேம்பர்வெல்லைச் சேர்ந்த ஹைராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. வாயின் உட்பக்கம் ஒரு பள்ளம், அதில் ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள்; நிமிர்த்தும்போது வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பரில் அழுத்தி அடைக்கும். கழுத்தின் ஒரு பக்கம் இரண்டு குழிகள் இருக்கும். ஊற்றும்போது அந்தப் பக்கம் கீழே வருமாறு பிடித்தால் கோலி குழியில் தங்கும், திரும்ப வந்து அடைக்காது.

கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாய்க் கண்ணாடியை ஒட்டி முடிப்பார்கள். அதனால் பழைய பாட்டிலில் வாய்க்குக் கீழே ஒட்டின் கோடு தெரியும், தையல் அங்கே நிற்கும். தையல் வாயைத் தாண்டினால் அண்மைக் காலத்தது. அடர்நீலப் பாட்டில் என்றால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள், நகல்கள் ஏராளம்.

கோலி ஆடாதபடி பாட்டிலைக் கிடத்தாமல் நிமிர்த்தி வையுங்கள். தூக்கும்போது கோலி உருண்டு தோளில் மோதும், பல பாட்டில்களில் உள்ளே நட்சத்திர விரிசல் விழுவது அதனால். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலும் தோண்டி எடுக்க வேண்டாம், புதியது போடவும் வேண்டாம்.

முட்டை வடிவில், நிற்கவே முடியாத சோடாப் புட்டி இருந்தால் அது காட் பாட்டிலுக்கும் முந்தைய ஹாமில்டன் வகை, 1809. கிடத்தி வைத்துக் கார்க்கை நனைவாக வைக்கச் செய்த உபாயம். அதற்கு ஃபோமில் படுக்கை வெட்டுங்கள்.

மேகலை_காப்பறை

இரண்டு கோப்பைகள் முன்பே ஒட்டப்பட்டவை, ஒட்டு மஞ்சளாகிவிட்டது. பிரித்து ஒட்டலாமா? மருந்துச் சீசாக்களின் உள்ளே காய்ந்திருப்பதை என்ன செய்வது?

கண்ணாடிவேதி

ஒட்டு உறுதியாக இருந்தால் நிறத்துக்காக மட்டும் பிரிக்காதீர்கள். பழைய எபாக்சியைக் கரைக்க டைகுளோரோமீத்தேன் வேண்டும், புகை உறிஞ்சும் கூடு இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியக் கண்ணாடியான போர்ட்லேண்ட் குடுவையை 1845-இல் ஒருவன் உடைத்த பிறகு, அதே நூற்றாண்டில் ஒரு முறை, 1948-இல் ஒரு முறை, 1980-களின் இறுதியில் ஒரு முறை ஒட்டினார்கள். பிந்தைய இரண்டு முறையும் முந்தைய ஒட்டு பழசாகிப்போனதுதான் காரணம். ஆகவே திரும்பப் பிரிக்க முடிகிற பசை என்பது பெரிய விஷயம்.

அந்த வகையில் எல்லாரும் சொல்வது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் கரையும். ஆனால் அது சுமார் 40 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் மின்சாரம் போனால் காப்பறை அந்தச் சூட்டை எட்டும், ஒட்டு மெதுவாக நழுவும். வெப்ப நாடுகளில் 60 டிகிரி வரை தாங்கும் பி-44-ஐ அதனுடன் கலப்பது இதற்காகத்தான். தெளிந்த கோப்பையில் ஒட்டு தெரியாமலிருக்க ஹெக்ஸ்டல் எபாக்சி. ஒளி விலகல் எண் 1.52, சோடாக் கண்ணாடிக்கு மிக நெருக்கம். எடைக்கு 3 பங்கு பிசின், 1 பங்கு இறுக்கி. முழுதும் இறுக ஒரு வாரம். துண்டுகளை ஒட்டுநாடாவால் கட்டி நிறுத்தி, இடுக்கில் ஒரு சொட்டு வைத்தால் தானே உள்ளே ஓடும். செதில் உதிரும் கண்ணாடியில் ஒட்டுநாடாவும் கூடாது, எபாக்சியும் கூடாது, இரண்டுமே தோலை உரிக்கும். இது பயிற்சி பெற்ற கையின் வேலை, காப்பறையில் செய்ய வேண்டாம்.

உள்ளே இருப்பதைத் திறக்காதீர்கள், முகராதீர்கள். பழைய மருந்துப் பெட்டிகளில் பாதரச, ஆர்செனிக் உப்புகள் உண்டு. ஆய்வகத்திலிருந்து வந்த சீசாவில் மஞ்சள் பொடியாக பிக்ரிக் அமிலம் காய்ந்திருந்தால் மூடியைத் திருகுவதே வெடிக்கப் போதும். நீலம், பச்சை நிறத்தில், பக்கங்களில் விலா வைத்த ஆறுபக்கச் சீசா நஞ்சுக்கானது. இருட்டிலும் கைக்குத் தெரியவே அந்த விலா. மூடி வைத்து, உள்ளே பொருள் உண்டு என்று சிவப்புச் சீட்டு கட்டி, வேதியியலாளர் வரும் வரை தனி அலமாரியில் வையுங்கள். ஜெர்மனியின் ஸ்பையரில் 1867-இல் கிடைத்த 1.5 லிட்டர் ஒயின் புட்டி 4-ஆம் நூற்றாண்டுடையது, இன்னும் திறக்காமலே காட்சியில் இருக்கிறது. மேலே ஊற்றிய எண்ணெயும் மெழுகு அடைப்பும் உள்ளே இருப்பதைக் காத்திருக்கின்றன. அடைப்போடு இருப்பதே அதன் மதிப்பு.

லூப்10

மாற்றும் நாளுக்கு ஒரு சில. டிகேண்டர்களின் (ஒயின் ஊற்றி வைக்கும் குடுவைகளின்) கண்ணாடி மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள், மூடியிருந்தால் உள்ளே ஈரம் தேங்கி மங்கும். மூடிக்கும் அதே எண் எழுதுங்கள், கலந்துபோனால் சேர்க்க முடியாது. பருத்திக் கையுறை வழுக்கும். செய்தித்தாளும் குமிழ் உறையும் கண்ணாடியைத் தொடக் கூடாது. இழுப்பறையில் கோப்பையைப் படுக்க வைக்காதீர்கள், வாயில் கவிழ்த்தும் வைக்காதீர்கள். பாதத்தில் நிற்கட்டும், ஃபோமில் பாத அளவுக்குப் பள்ளம் வெட்டி. அலமாரியின் மேல் தட்டில் கனமான புட்டிகள் வேண்டாம்.

மேகலை_காப்பறை

எண்ணை நேராகக் கண்ணாடியில் எழுதலாமா?

கண்ணாடிவேதி

நல்ல நிலையிலுள்ள புட்டியில் அடிக்குப் பக்கத்தில், பாண்டில் வடுவையும் எழுத்துகளையும் விட்டு, 20 சதவீத பி-72 ஒரு பூச்சு. காய்ந்ததும் நிறமி மையால் எண். மேலே இன்னொரு பூச்சு. அசிட்டோனில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். செதில் உதிரும் ரோமானியக் குப்பிகளிலும் அந்த மெல்லிய கோப்பையிலும் எதுவும் எழுத வேண்டாம். பருத்தி நூலில் சீட்டும் கட்ட வேண்டாம், நூல் உரசும். பெட்டியின் மேலும் ஃபோம் பள்ளத்தின் ஓரத்திலும் எண்ணை எழுதி, பொருளின் நான்கு பக்கப் படத்தை அதே எண்ணோடு பதிவேட்டில் ஒட்டுங்கள். கோப்பை உள்ள பெட்டியின் ஈரப்பதத்தை வாரம் ஒரு முறை குறித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.ஹெச். பட்டை ஒற்றிப் பாருங்கள். 9-க்குக் கீழே நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், திரும்ப ஏறினால் இங்கே எழுதுங்கள்.